உன் பக்கத்தை நான் தீட்டுகிறேன்

மாமி,

இன்று காலை அடையாறு காந்தி நகரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மண்வாசனை வந்தது. என்னையறியாமல் அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மூலை திரும்பினால் ஒரு தண்ணீர் லாரி, பின்பக்கக் குழாய் ஒழுக ஒழுக, தெரு நெடுக ஈரக்கோடு போட்டுக்கொண்டு போகிறது. என்ன தொழில் என்று கேட்டால் மழையைக் கணிப்பது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற நான், லாரித் தண்ணீரில் ஏமாந்து நடுத்தெருவில் நின்றேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு வாரம் இதையே சொல்லிச் சிரித்திருப்பாய். யாரும் சிரிக்கவில்லை. ஒரு ஆட்டோக்காரர் மட்டும் ஹாரன் அடித்தார்.

'லாரி மழை' என்று இதற்குப் பெயர் வைத்தவளே நீதான். எங்கள் அப்பா கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் மழை பெய்ய வைக்கிற வேலை பார்த்தார் என்று நான் முதன்முதலாகச் சொன்ன அன்று வைத்த பெயர். லாரியில் தண்ணீர் வரும். அப்பா ஏணி மேல் ஏறி நின்று, ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அமுக்கி, கதாநாயகி மேல் சாரல் அடிப்பார். நீ காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "ஒங்கப்பா மழை பெய்ய வெச்சு சம்பாதிச்சார். நீ பெய்யாதுன்னு சொல்லி சம்பாதிக்கறே. ஒங்க குடும்பத்துக்கே மழைதான் சோறு போடறது, போ" என்றாய். அன்றைக்குத்தான் உன்னை மேடம் என்பதை விட்டு மாமி என்றேன். நமக்குள் வயது வித்தியாசம் பெரிதாக ஒன்றும் இல்லை. மயிலாப்பூர்க்காரி, ஆத்துத் தமிழ் பேசுகிறவள், அதனால் மாமி. பதிலுக்கு நீ என்னை நைனா என்றாய். ஒரு பெண்பிள்ளையை நைனா என்று கூப்பிட்ட மாமி உலகத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

நம் வேலையை வெளியாருக்குப் புரிய வைப்பது எப்போதும் பெரும்பாடு. உன் மாமனார் கடைசிவரை, நீ டிவியில் வானிலை வாசிக்கிறவள் என்றும், அவர் பார்க்கிற நேரத்தில் மட்டும் எப்படியோ வராமல் போகிறாய் என்றும் நம்பிக்கொண்டிருந்தார். நாம் செய்தது இவ்வளவுதான். அடையாற்றில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, நம் நாட்டிலும் நம்மைச் சுற்றியிருக்கிற நாடுகளிலும் வரப்போகிற பருவத்தில் எங்கே மழை குறையும் என்று முன்கூட்டிப் பார்ப்பது. எல்லோருடைய கணிப்பையும் ஒட்டி ஒரே வரைபடமாக்கி எல்லோருக்கும் திருப்பி அனுப்புவது. பச்சை என்றால் மழை போதும். பழுப்பு என்றால் குறையும். பழுப்பு கறுக்கக் கறுக்க ஆபத்து. அதை வைத்துத்தான் அங்கங்கே எந்த நெல்லை விதைப்பது, எந்த ஏரியைத் தொடாமல் வைப்பது, மாட்டுக்கு வைக்கோல் எங்கேயிருந்து வரவழைப்பது என்று முடிவு செய்வார்கள்.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு நாட்டுக்காரரும் தத்தம் நாட்டைத் தாங்களே தீட்டி அனுப்பினார்கள். தன் வீட்டைத் தானே பழுப்படிக்க யாருக்கு மனசு வரும்? பழுப்பு என்று சொன்னால் மேலே இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், வியாபாரிகள் அரிசியைப் பதுக்குவார்கள், கேள்வி மேல் கேள்வி வரும். அதனால் எல்லோரும் கையை அடக்கித் தீட்டினார்கள். ஒட்டிப் பார்த்தால் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் பழுப்பு, அந்தப் பக்கம் பசேல் என்று பச்சை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்கூட இருக்காது. "வறட்சிகூட செக்போஸ்ட்ல நின்னு பாஸ்போர்ட் காட்டறதா என்ன?" என்று நீ கேட்பாய். நம் கடலோரத்துக்கும் இலங்கையின் வடக்குக்கும் அதைவிடக் கேலிக்கூத்து. இரண்டுக்கும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது ஒரே வடகிழக்குப் பருவமழை. அதே மேகம், அதே காற்று. படத்தில் மட்டும் இரண்டு வேறு உலகம்.

இதற்கு மருந்தை நீ கண்டுபிடித்தது உன் மயிலாப்பூர் ஃப்ளாட்டில். ஒரு தண்ணீர்ப் பஞ்ச வருஷத்தில், யார் வீட்டில் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று சங்கத்தில் கேட்டார்கள். எல்லோரும் அளவாகத்தான் செலவு செய்தார்கள். தொட்டி மட்டும் தினமும் மதியத்துக்குள் காலி. நீ எழுந்து, இனிமேல் அவரவர் கணக்கை அவரவர் சொல்ல வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லட்டும் என்றாயாம். "தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு பழமொழியே இருக்கே" என்றாயாம். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் நடந்த சண்டைகளை நீ சொல்லிச் சொல்லி நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். ஆனால் தொட்டியில் சாயங்காலம்வரை தண்ணீர் நின்றது. அடுத்த திங்கட்கிழமை நீ அலுவலகத்துக்கு வந்ததும் வராததுமாக, "நாடும் ஃப்ளாட்டும் ஒண்ணுதாண்டி நைனா" என்றாய்.

நீ கொண்டுவந்த விதி சின்னது. கூட்டத்தில் யாரும் தன் நாட்டைத் தீட்டக் கூடாது. பக்கத்து நாட்டுக்காரர் தீட்டுவார். நாட்டுக்குச் சொந்தக்காரருக்கு ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம், ஆனால் கையில் தரவு இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் வேண்டாம், மேசை நிறைய ஒரு பெரிய தாள், வண்ணப் பென்சில். யார் கை எங்கே தீட்டியது என்று எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். அப்போதிருந்த நம் இயக்குநர் இதைக் கேட்டுவிட்டு, இதென்ன எல்கேஜி வகுப்பா என்றார். ஒரே ஒரு தடவை பார்ப்போம், சரிவராவிட்டால் குப்பையில் போடுவோம் என்று அவரைச் சம்மதிக்க வைத்தாய். கூட்டம் உருப்படாமல் போனால் பழி முழுக்க உன் தலையில் விழும் என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை.

அந்தக் கூட்டம் தி.நகர் ஹோட்டலின் மாடி ஹாலில் நடந்தது. நேபாளம், பூட்டான், வங்கதேசம், மாலத்தீவு எல்லா இடத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் அவர்களைப் பாண்டி பஜாருக்கு அழைத்துப்போய் அவர்கள் மனைவிமாருக்குப் புடவை எடுத்துக் கொடுத்தது நாம் இரண்டு பேர்தான். இலங்கையிலிருந்து கோகுலன் வந்திருந்தார். கொழும்பில் வேலை, யாழ்ப்பாணத்துத் தமிழ், சொந்த ஊர் கிளிநொச்சிக்கு அப்பால். அங்கே அவர் தம்பி நெல் வைக்கிறார். நம்மை விட இளையவர், அதனால் இருவரையும் அக்கா என்றார். உன் தமிழும் என் தமிழும் அவர் தமிழும் ஒரே ஆட்டோவில் போனபோது, ஓட்டுநர் திரும்பித் திரும்பிப் பார்த்து, நீங்கள்லாம் எந்த ஊரு என்று கேட்டது நினைவிருக்கிறதா? "பக்கத்து வூடுதான்" என்றேன் நான்.

மறுநாள் காலை தாளை விரித்தோம். மதியத்துக்குள் தீட்டி முடித்தாயிற்று. எட்டிப் பார்த்தால் தாள் முழுக்கப் பச்சை. எல்லோரும் ஒருவரையொருவர் பச்சையாகத் தீட்டி வைத்திருந்தார்கள். முதல் நாள்தான் ஒன்றாகச் சாப்பிட்டு, புடவை எடுத்து, பிள்ளைகளின் படங்களைக் காட்டிக்கொண்டவர்கள். அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்த்து, என்ன இப்படி இளைத்துக் கிடக்கிறது என்று யார் சொல்லுவார்கள்? சொந்த நாட்டைத் தீட்டும்போது பயத்தில் பொய் சொன்னவர்கள், அடுத்தவர் நாட்டைத் தீட்டும்போது மரியாதைக்குப் பொய் சொன்னார்கள். உன் விதி பழைய படத்தைவிடப் பசுமையான ஒரு படத்தைப் பெற்றுத் தந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. உன்னைப் பார்த்ததும் நின்றுவிட்டது. உன் முகம் வெளிறியிருந்தது.

ஏனென்றால் அந்த வருஷம் மழை வரப்போவதில்லை என்று அந்த ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கடலின் சூடு, காற்றின் போக்கு, எல்லாம் ஒரே பக்கம்தான் கைகாட்டின. அந்தப் பச்சைப் படம் வெளியே போனால் கடலுக்கு இரண்டு பக்கமும் நீண்ட கால நெல்லை நிலம் முழுக்க விதைப்பார்கள். இருக்கிற ஏரித் தண்ணீரை நம்பிக்கையாகத் திறந்துவிடுவார்கள். தை பிறக்கும்போது பயிரும் இருக்காது, சித்திரையில் குடிக்கத் தண்ணீரும் இருக்காது. இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அருமையான படம், கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றார்.

நீ எழுந்தாய். பழுப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு நேராகக் கோகுலன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனாய். கூட்டம் நடந்ததெல்லாம் ஆங்கிலத்தில். நீ பேசியது தமிழில்.

"தம்பி வயல் எந்தப் பக்கம்னு சொன்னேள்?"

அவர் விரலை வைத்துக் காட்டினார். அவர் விரல் எடுத்த இடத்தில் பென்சிலை வைத்து அழுத்தித் தீட்ட ஆரம்பித்தாய். இலங்கைப் பக்கத்துப் பச்சை எல்லாவற்றின் மேலும் பழுப்பு ஏறிக்கொண்டே போனது. நேபாளத்துக்காரர் சங்கடப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவர் வெதைக்கப் போறார்னு நேத்து ஆசையா சொன்னேளே. இதை நான் சொல்லலேன்னா, நேத்து நான் சிரிச்சிண்டு கேட்டதுக்கு என்ன அர்த்தம்?" என்றாய்.

கோகுலன் உன் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டு எழுந்தார். கடலைத் தாண்டி நம் பக்கம் வந்து, ராமநாதபுரத்தில் ஆரம்பித்து, டெல்டாவைத் தொட்டு, மேலே ஏறி, சென்னைக்குத் தண்ணீர் தருகிற ஏரிகள்வரை அவர் கை போனது.

"உங்கட ஏரியளும் தப்பாது அக்கா. மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

"மன்னிக்கறதுக்கு என்ன இருக்கு? இன்னும் கொஞ்சம் அழுத்துங்கோ. அங்கதான் எங்காத்துத் தண்ணி இருக்கு."

யாரோ சிரித்தார்கள். அதன்பின் ஒவ்வொருவராக எழுந்து பென்சிலைத் தேடினார்கள். கையெழுத்துக்கு வந்தபோது இயக்குநர்தான் முதலில் போட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் எனக்கு மறக்காதது அதற்குப் பிறகு நடந்ததுதான். சாப்பாட்டு மேசையில் கோகுலன் தனியாக ஒரு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கோபம் இல்லை, மனசு எங்கேயோ வயலில் இருந்தது. எல்லோரும் நாசூக்காக வேறு மேசைகளுக்குப் போனார்கள். நானும் அப்படித்தான் தட்டோடு நகர்ந்தேன். நீ என் முழங்கையைப் பிடித்து இழுத்தாய். "கெட்ட சேதி சொன்னவா எழுந்து போயிடப்படாதுடி. சொல்லிட்டு அங்கயே ஒக்காந்துக்கணும்" என்று காதோடு சொல்லி, அவருக்கு எதிரே என்னையும் உட்கார வைத்தாய். வறட்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வத்தக்குழம்பில் ஏன் கத்திரிக்காய் போட்டிருக்கிறான் என்று ஹோட்டல்காரனைத் திட்டினாய். இரண்டாவது தடவை சாதம் வந்தபோது அவர் வாங்கிக்கொண்டார்.

அந்தப் பருவம் முழுக்க வாரம் தவறாமல் கொழும்புக்குப் போன் போட்டாய். வேலை சம்பந்தமாக என்று சொல்லிக்கொள்வாய். கேட்டதெல்லாம் தம்பி என்ன விதைத்தார், குளத்தில் எவ்வளவு நிற்கிறது, மாடு எப்படி இருக்கிறது என்பதுதான். மழை ஏமாற்றித்தான் விட்டது. அவர் தம்பி பள்ளத்தில் மட்டும் குறுகிய கால நெல்லைப் போட்டு, மேட்டை விட்டுவிட்டார், சாப்பாட்டுக்கு வந்தது. இங்கேயும் ஏரிகளை முன்கூட்டியே இறுக்கிப் பிடித்தார்கள். அப்படியும் சித்திரையில் சென்னை முழுக்கக் குடம் வரிசை கட்டி நின்றது. உங்கள் மயிலாப்பூர்க் கோயில் குளத்தில் பிள்ளைகள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடினார்கள். "இதைவிட மோசமா போயிருக்கும்னு எப்படிடி நிரூபிக்கறது? நம்ம தொழில்ல நல்ல பேர் மட்டும் வாங்க முடியாது" என்று மாடவீதியில் நடந்துகொண்டே சொன்னாய். சொல்லிவிட்டு மல்லிகைப் பூக்காரியிடம் பேரம் பேசப் போய்விட்டாய்.

கெட்ட பேரும் வாங்கினோம். ஒரு வருஷம் பழுப்பு என்று அடித்துச் சொன்னோம். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அடையாறு கரை தொட்டு ஓடியது, அலுவலக வாசலில் முழங்கால் தண்ணீர். அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி உன்னை போனில் பிடித்துவிட்டார். நம் பேச்சைக் கேட்டுப் பாதி நிலத்தைத் தரிசாகப் போட்டாராம். வாய்க்கு வந்தபடி திட்டினார், எனக்கே கேட்டது. "வெச்சுடு மாமி, இன்னாத்துக்கு கேட்டுக்கினு கீற" என்று நான் சைகையும் சத்தமுமாகச் சொன்னேன். நீ தலையை ஆட்டி மறுத்துவிட்டு, அவர் மூச்சு வாங்கி நிறுத்தும்வரை கேட்டாய். கணிப்பு தப்பிவிட்டது, உங்களுக்கு நஷ்டம், ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாய். சாக்கு எதுவும் சொல்லவில்லை. மறுவாரம் நீயாகக் கூப்பிட்டாய். முதலில் அவர் எடுக்கவே இல்லை. அடுத்த வருஷம் விதைப்புக்கு முன்னால் அவரே கூப்பிட்டு, இந்தத் தடவை என்னம்மா சொல்றீங்க என்று கேட்டார். இந்தத் தடவையும் தப்பலாம் என்பதைத்தான் நீ முதலில் சொன்னாய்.

இப்படி ஊருக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் உன் உடம்பைப் பார்க்கவில்லை. புடவை ஒரு சுற்று கூடப் போகிறது என்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். வெயில் என்றாய். பாதி இட்லியை என் தட்டில் தள்ளிவிட்டு, டயட் என்றாய். உன் பக்கத்து நாற்காலிக்காரி நான். என் கண்ணுக்குத் தெரியாதா? அன்றைக்கே கதவைச் சாத்திவிட்டு உன் எதிரே உட்கார்ந்தேன்.

"மாமி, நீ சரியா இல்ல. எளைச்சிக்கினே போற. கண்ணுல மஞ்ச கீது. வா, இப்பவே டாக்டராண்ட போலாம்."

"எனக்கு ஆட்சேபம் சொல்ல உரிமை இருக்கோன்னோ?"

"தாராளமா. தரவு கீதா?"

உன்னிடம் தரவு இல்லை. முதன்முறையாக என்னிடம் தோற்று, கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். சோதனைகள் எல்லாம் முடிந்து, டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லி, நாம் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். மத்திய கைலாஷ் சிக்னலில் வண்டி நின்றது. எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"நீ இப்ப எழுந்து போயிட மாட்டியே?"

"ஆட்டோல போய்க்கினு கீறோம் மாமி. எழுந்து எங்க போறது?"

நீ சிரித்தாய். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டாய். அத்தனை வருஷப் பழக்கத்தில் நீ என் மேல் சாய்ந்தது அன்றைக்குத்தான். அந்த எடை இல்லாத எடை எனக்கு இப்போதும் இந்தத் தோளில் தெரிகிறது.

கடைசி மாதங்களில் உன் மகன் உன்னைக் கொட்டிவாக்கத்துக்கு, தன் ஃப்ளாட்டுக்கு அழைத்துக்கொண்டான். வேலை முடிந்ததும் அங்கே வந்துவிடுவேன். பால்கனியில் கடல் தெரியாது. காற்று மட்டும் வரும். அதைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டு, இது தெற்கு, இது கிழக்கு என்று சொல்லிக்கொண்டிருப்பாய். நான் பெரும்பாலும் ஒன்றும் பேசியதில்லை. பேசத் தெரியாததால் இல்லை. நீ சொன்னபடி உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஆடிக் காற்று அடங்குவதற்குள் நீ போய்விட்டாய்.

அடுத்த கூட்டம் போன வாரம் நடந்தது. ஹால், ஹோட்டல், புடவை எதுவும் இல்லை. இப்போதெல்லாம் அவரவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறோம். புது இயக்குநர் ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு நாடும் தன் படத்தைத் தானே ஏற்றிவிட்டால் போதும், எல்லையில் வண்ணங்களை அதுவே அழகாக இழைத்துவிடும். பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. உன் விதியை இந்த வருஷத்தோடு விட்டுவிடலாமே என்றார். நல்ல மனுஷர், கெட்ட எண்ணம் இல்லை. நான் சண்டை போட்டேன். நான் போட்ட சத்தத்தில் என் கோடம்பாக்கத்துத் தமிழ் முழுசாக வெளியே வந்துவிட்டது. சரி, பழையபடியே செய்யுங்கள், ஆனால் படம் உருப்படியாக வர வேண்டும் என்று விட்டுவிட்டார். உருப்படியாக வராவிட்டால் உன் விதி அதோடு முடிந்தது என்று எனக்குப் புரிந்தது.

இந்த வருஷமும் அறிகுறிகள் சரியில்லை, மாமி. கூட்டத்துக்கு முந்தின நாள் கோகுலன் கூப்பிட்டார். அவர் தம்பி ஊர்க்காரர்களோடு சேர்ந்து குளத்தைத் தூர்வாரி, கரையை உயர்த்தி, இந்தத் தடவை மேடு பள்ளம் பார்க்காமல் முழு வயலையும் விதைக்கப் போகிறாராம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டார். வண்ணத்தைக் குறைத்துத் தீட்டு என்று அவர் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சந்தோஷம் தம்பி என்று சொல்லி போனை வைத்துவிட்டு, அன்றைக்கு ராத்திரி தரவுகளை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

மறுநாள் என் முறை வந்தது. திரையில் எல்லோர் முகமும் சின்னச் சின்னக் கட்டங்களில். நான் பழுப்பை எடுத்து, கிளிநொச்சிக்கு அப்பால் வைத்து, நன்றாக அழுத்தித் தீட்டினேன். தீட்டி முடித்து, ஆட்சேபம் இருக்கிறதா என்று கேட்டேன். கோகுலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இல்லை அக்கா, சரியாத்தான் தீட்டியிருக்கிறியள்" என்றார். பிறகு நம் பக்கத்தை அவர் தீட்டினார். நானும் ஆட்சேபிக்கவில்லை. படம் எல்லா நாட்டுக்கும் போய்விட்டது. இயக்குநர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுத்த வருஷமும் இப்படியே இருக்கட்டும் என்றார்.

ஒவ்வொரு கட்டமாக அணைந்துகொண்டே வந்தது. கடைசியில் இரண்டு மிச்சம். நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். அவரும் ஏதோ பொட்டலத்தைப் பிரித்தார். தம்பியிடம் எப்போது சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். இப்பவே, நீங்களும் இருங்கோ என்று தம்பியை போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். நான்தான் சொன்னேன். மேட்டை விட்டுவிடுங்கள், பள்ளத்தில் மட்டும் குறுகிய கால நெல்லைப் போடுங்கள், குளத்துத் தண்ணீரைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று. இந்தக் கணிப்பு தப்பலாம் என்பதையும் சொன்னேன். கரை உயர்த்தின கைகளில் கொப்புளம்கூட இன்னும் ஆறவில்லை என்றார் தம்பி. யாரும் போனை வைக்கவில்லை. கடைசியில் அவரே, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தார்.

அதற்குப் பிறகு கோகுலன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்களிட்ட ஒண்டு சொல்லோணும். அவ போனதிலயிருந்து நீங்கள் ஒருக்காலும் அவவைப் பற்றிக் கதைக்கேல்ல. நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். நல்லா வாடிப் போனியள். இது சரியில்லை."

அதெல்லாம் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. ஆபீஸில், பட்டப்பகலில், தயிர்சாதத்துக்கு முன்னால், பெருங்குரலெடுத்து அழுதேன். உன் சாவு வீட்டில்கூட அப்படி அழவில்லை. யாராவது வருவார்கள் என்று திரையை அணைக்கக் கை போனது. "அணைக்காதேங்கோ. ஆறுதலாச் சாப்பிடுங்கோ, நான் இருக்கிறன்" என்றார். நான் அழுது, முகம் துடைத்து, மிச்ச சாதத்தை உண்டு முடிக்கும்வரை கொழும்பில் ஒரு மனுஷன் ஒன்றும் பேசாமல் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அதனால்தான் இதை எழுத முடிந்தது, மாமி.

தம்பி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. முழு வயலையும் விதைத்துவிட்டாரோ என்னவோ. விதைத்திருந்தாலும் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை, நீ செய்ததுபோல் வாராவாரம் அவரைக் கூப்பிடுவதென்று நான் வைத்துக்கொண்ட நாள். திட்டலாம், எடுக்காமலும் போகலாம். எடுத்தால், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பேன். அவர் வைக்கும்வரை நான் வைக்க மாட்டேன்.